ஒரு மீட்டர் குறைவாக

ட்ருகனினா
3 மார்ச் 2025, திங்கள்

கஜீவன்,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். தேஜு தூங்கின பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது. காலையில் இதைத் திறக்கும்போது, அனுப்பின நேரத்தைப் பார்த்து இன்னும் தூங்காமல் கிடக்கிறாளா என்று நினைப்பீர்கள். ஆமாம், கிடக்கிறேன்.

போன் வேண்டாம், எழுதுவோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. போனில் நான் கத்துகிறேன். நீங்கள் ஊமையாகிவிடுகிறீர்கள். சத்தியபாமா அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பது, மெல்பர்னில் இருக்கும் எனக்குக் கேட்கிறது. தம்பி வீட்டுச் சண்டை என்றால் எந்த அக்காவும் கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லவில்லை.

முதலில் தேஜு. கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறதாம். ஆனாலும் இடது கையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல நெஞ்சோடு வைத்துக்கொண்டே நடக்கிறாள். டே கேரில் எல்லாரிடமும் கதை சொல்கிறாள், இங்கிலீஷில். அப்பாவின் படகு மணலில் முட்டியதாம், தான் பறந்தாளாம். பறந்தேன் என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வருகிறது. டீச்சர் என் முகத்தைப் பார்க்கிறார்.

இப்போது படகு. பாயின்ட் குக்கிலிருந்து கௌரிசங்கர் என்று ஒருவர் வாங்குவதற்காக வந்து பார்த்தார். கணக்காளர், பேச்சு குறைவு, பிடித்திருக்கிறது என்பதை முகத்தில் காட்டவில்லை. ஆனால் படகை ஓட்டிப் பார்த்தபோது, வேகமும் ஆழமும் காட்டுகிற மீட்டரில் வேகம் பூஜ்யமாகவே நின்றது. படகு ஒருமுறை தரை தட்டியதும் அவருக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். அதனால் அடியில் இருக்கும் வேக சென்சார், ஆழ சென்சார் இரண்டையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, சரியாக வேலை செய்கிறதென்று காட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார். வேலைக்கு ஆள் கேட்டால் ஏப்ரலில்தான் வரமுடியும் என்கிறார்கள். நானே செய்யப் போகிறேன். படகின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சாமான் இருக்கிறது, இரண்டு அச்சு அசல் ஒரே மாதிரி. எது எது என்று தெரியாமல் எதையாவது உருவி, வெரிபி சவுத் படகுத்துறையில் எல்லாரும் பார்க்கப் படகோடு மூழ்க எனக்கு இஷ்டமில்லை. எப்படி என்று எழுதுங்கள்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதியைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. இனிமேல் பிள்ளையை உங்கள் கையில் தனியாகத் தரமாட்டேன் என்று சொன்னேன். நர்ஸ், பக்கத்து வீட்டு வாசுதேவன் அங்கிள் எல்லாரும் இருந்தார்கள்.  அடுத்த வாரமே சிட்னி வேலைக்கு ஒத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மூன்று மாதம் என்றீர்கள். அது நிரந்தரமாகப் போகிறது, அக்கா உங்களுக்கு டூங்கபியிலேயே தனி வீடு பார்க்கிறார் என்று வேறு ஆள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

சென்சார் விஷயத்தை மட்டுமாவது எழுதுங்கள்.

பிரியா


டூங்கபி
5.3.2025

பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளையின் கை பொருந்தியது சந்தோசம்.

நடுப்பலகையைத் தூக்கினால் மூன்று தெரியும். பின்னுக்கு, இரும்புக் கைப்பிடி உள்ளது இன்ஜினுக்குத் தண்ணீர் எடுக்கிற வால்வு. அதைத் தொட வேண்டாம். முன்னுக்கு அருகருகே கறுப்பு மூடியும் வயருமாக இருக்கிற இரண்டும்தான் சென்சர்கள். மேலால் பார்த்து எது எதுவென்று சொல்ல ஏலாது. வயரைப் பிடித்துக்கொண்டு போயும் பிரயோசனம் இல்லை, பழைய சொந்தக்காரன் இரண்டையும் ஒரே குழாய்க்குள்ளால் விட்டிருக்கிறான். மீட்டரைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்கவும். பல்லி சொல்வது போலச் சின்னதாக டிக், டிக் என்று வருவது ஆழம். அது கடலடிக்குச் சத்தத்தை அனுப்பி, திரும்பிவர எடுக்கிற நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லுகிறது. சத்தம் இல்லாதது வேகம். அதன் அடியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. படகு ஓட, தண்ணீர் அதைச் சுத்தும். பாசியும் சிப்பியும் பிடித்தால் சக்கரம் இறுகிவிடும். வேகம் பூஜ்யம் காட்டுவது அதனால்தான்.

கழற்றுவதற்கு முதல் வாளி, பழைய துவாய், பல் விளக்குகிற பிரஷ் மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் டம்மி மூடி ஒன்று இருக்கிறது. சென்சரை எடுத்தவுடன் அந்த ஓட்டையை அடைக்கிறதற்கு. டம்மி இடது கையில் இல்லாமல் வலது கையால் எதையும் கழற்றக் கூடாது. மூடியைப் பூட்டுகிற ஊசியை எடுத்து, வளையத்தைத் திருப்பி, சென்சரை நேரே மேலே இழுக்கவும். தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். அது வழமை. பயந்து இரண்டு கையாலும் பொத்தக் கூடாது, பொத்தினால் டம்மியைப் போடக் கை இராது.

சக்கரத்தை வினாகிரியில் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்க்கவும். பெயின்ட் தின்னர் படக் கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். ஆழ சென்சரின் அடி தட்டையாக இருக்கும். அதைச் சுரண்டக் கூடாது, துணியால் துடைத்தால் போதும். ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கன் கிரீஸ் பூசவும், சமையல் எண்ணெய் அல்ல. திருப்பிப் போடும்போது மூடியில் உள்ள அம்புக்குறி படகின் மூக்கைப் பார்க்க வேண்டும். போட்டபின் அரை மணித்தியாலமாவது இருந்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகவும். தேஜஸ்வினியை உள்ளுக்கு விட வேண்டாம்.

ஆழ சென்சரிலும் ஊத்தை பிடித்திருக்கும். ஒக்டோபரில் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஊரான் வீட்டு வெயர்ஹவுஸ் பெல்ட்டுகளுக்கெல்லாம் தவணை தவறாமல் கிரீஸ் வைத்த நான் என் படகுக்குச் செய்யவில்லை. அது பிழையாகக் காட்டினபடியால்தான் பிள்ளையின் கை முறிந்தது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்டது சரி.

கஜீவன்


ட்ருகனினா
9 மார்ச் 2025, ஞாயிறு

கஜீவன்,

உங்கள் கடிதம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின அறிவிப்பு மாதிரி இருந்தது. வைக்கவும், துடைக்கவும், கூடாது. ஓர் இடத்தில்கூட 'நீர்' இல்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் என்னை நீர், உமக்கு என்று கூப்பிட்டபோது, சேலத்துக்காரியான நான் ஏதோ ராஜா நாடகத்தில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். உங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியிடம் பிரியமாகப் பேசுவதே அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது. இப்போது அது வராதபோது சிரிப்பு வரவில்லை.

ஆனால் அறிவிப்பு நல்ல அறிவிப்பு. மூழ்கவில்லை.

நேற்று காலை தேஜுவை வாசுதேவன் அங்கிளோடு கரையில் விட்டுவிட்டு, யோகா அன்ரியைத் துணைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீடென்ற பாவத்துக்கு அன்ரி எல்லாவற்றுக்கும் வருகிறார். காதை வைத்துக் கேட்டேன். டிக் டிக். அன்ரியும் குப்புறப் படுத்துக் கேட்டுவிட்டு, ஸ்கேன் அறையில் வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வேக சென்சாரை முதலில் இழுத்தேன். நீங்கள் முழங்கால் உயரம் என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய முழங்கால் என்று எழுதவில்லை. என் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அன்ரி, "பிள்ளை, கடல் வருது, கெதியா மூடு" என்று கத்தினார். டம்மி இடது கையில்தான் இருந்தது. ஆனால் இடது கை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. அன்ரி என் கையைப் பிடித்து ஓட்டையில் வைத்து அமுக்கினார். கால் வாளிகூட வரவில்லை. எனக்குப் பசிபிக் முழுவதும் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சக்கரம் சுத்தவே முடியாதபடி வெள்ளை வெள்ளையாகச் சிப்பி. ஊறப்போட்டுத் தேய்த்ததும் ஊதினாலே சுற்றுகிறது. அம்புக்குறி மூக்கைப் பார்க்கிறது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஆழ சென்சாரையும் எடுத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. மெல்லிசாகப் பாசி, விரலால் தடவினால் போகிற அளவு. சிப்பி இல்லை, கீறல் இல்லை. நீங்கள் சொன்ன ஊத்தை அதில் கிடையாது.

இன்றைக்குக் கௌரிசங்கர் வந்தார். கையோடு ஈயக்குண்டு கட்டின கயிறு கொண்டுவந்திருந்தார். படகை வெளியே எடுத்துப் போய், இரண்டு மூன்று இடத்தில் கயிற்றை விட்டுப் பார்த்தார். கயிறு என்ன சொன்னதோ அதையே மீட்டரும் சொன்னது. "ரொம்ப கரெக்டா இருக்குங்க," என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. படகை எடுத்துக்கொள்கிறார்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் சரி. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் போகும் என்பது உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அப்புறம் எப்படி மணலில் கொண்டுபோய் ஏற்றினீர்கள்? உங்களோடு அன்று படகில் இருந்த வாசுதேவன் அங்கிளிடம் கேட்டேன். நீங்கள் போனைத் தொடவே இல்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்கிறார். அவர் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கு உண்மை வேண்டும். நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அதைச் சொல்லிவிட்டால் கோபப்படுவதற்காவது எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பிரியா


டூங்கபி
12.3.2025

பிரியா,

நான் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மூன்றாம் முறை சொல்லுகிறேன். நாலாம் முறை சொல்ல மாட்டேன்.

நீர் எழுதினதை வேலைத்தலத்தில் இருந்து ஐந்தாறு தரம் வாசித்தேன். கயிறும் மீட்டரும் ஒரே எண் என்றால் எனக்கு விளங்கவில்லை. அந்த மீட்டர் ஒருநாளும் கயிற்றோடு ஒத்துப்போனது இல்லை. படகு வாங்கின முதல் கோடையிலேயே எனக்குத் தெரியும். மீன் பிடிக்கிற நூலில் ஈயம் கட்டி விட்டுப் பார்த்தேன். எங்கு விட்டாலும் மீட்டர் சரியாக ஒரு மீட்டர் குறைத்துத்தான் சொன்னது. பழுதென்றால் ஒரு இடத்தில் அரை, ஒரு இடத்தில் இரண்டு என்று வரும். இது எல்லா இடமும் ஒரு மீட்டர். அப்படியென்றால் யாரோ வேண்டுமென்றே அதற்குள் ஒரு எண்ணைப் போட்டிருக்க வேண்டும். யார் என்று நான் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. வீட்டு மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்கு வைத்துவிட்டு, நான் அறியமாட்டேன் என்று நினைக்கிற ஆள் ஒருவர்தானே.

நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் படகு என்றாலே உமக்கு நித்திரை வராது. அது குறைத்துக் காட்டுகிறது என்ற நினைப்பில்தான் நீர் எங்களைப் போகவிட்டீர். மணிக்கூட்டைப் பார்த்தால் பத்து நிமிடத்தைக் கழிப்பேன், மீட்டரைப் பார்த்தால் ஒரு மீட்டரைக் கூட்டுவேன். இரண்டு வருசம் அப்படித்தான் ஓடினேன். அதை ஒரு கணக்கென்றே நினைப்பதில்லை, கை தானாகப் போகும். ஒன்று தசம் இரண்டு மீட்டர் காட்டுகிற இடங்களுக்குள்ளாலும் போய் வந்திருக்கிறேன். உண்மையில் அங்கு இரண்டுக்கு மேல் தண்ணீர்.

அன்று மீட்டர் ஒன்று தசம் எட்டு என்றது, பிறகு ஒன்று தசம் ஆறு. நான் இரண்டு தசம் ஆறு என்று எடுத்தேன். பாய்க்கு நல்ல காற்று, வேகமாக வந்தோம். வாசுதேவன் அங்கிள், "தம்பி, தண்ணி நிறம் மாறுது" என்றார். நான், "நிறையக் கிடக்கு அங்கிள், பயப்படாதேங்கோ" என்றேன். அதோடு ஏறிவிட்டது. பிள்ளை கீழறைக்கு இறங்குகிற படிக்கட்டுக்குள் போய் விழுந்தது.

ஆகவே அன்றைக்கு மட்டும் மீட்டர் ஒரு மீட்டர் கூட்டிக் காட்டியிருக்கிறது. ஊத்தையால்தான் என்று நினைத்தேன். ஊத்தை இல்லை என்கிறீர். அப்ப என்ன? நீர் இன்ஜினியரிங் படித்தவர். நீரே சொல்லும்.

கஜீவன்


ட்ருகனினா
13 மார்ச் 2025

கஜீவன்,

சொல்கிறேன்.

அந்த ஒரு மீட்டரைக் குறைத்து வைத்தது நான்தான். அது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக நீங்கள் அந்தப் பொய் எண்ணைப் பார்த்துப் பயந்து, ஆழத்திலேயே ஓட்டுகிறீர்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்துக் கூட்டிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மணிக்கூட்டையும் கழித்துத்தான் பார்த்தீர்கள் என்பது நேற்றுத்தான் தெரியும். உங்களை ஒருநாள்கூட பஸ்ஸுக்கு ஓட வைத்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மீதி. ஜனவரியில் படகு லைசென்ஸுக்கு நான் வகுப்புக்குப் போனேனே. அங்கே ஒரு அம்மா பாடம் எடுத்தார். ஆழ மீட்டரில் யாராவது பாதுகாப்புக்கென்று எண்ணைக் குறைத்து வைத்திருந்தால் முதல் வேலையாகத் திருத்துங்கள், ஓட்டுகிறவருக்குத் தெரியாத எண் படகில் இருக்கக் கூடாது என்றார். பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி காது சூடாகிவிட்டது. அது வியாழக்கிழமை. அப்படியே தேஜுவைக் காரில் போட்டுக்கொண்டு வெரிபி சவுத்துக்குப் போனேன். அந்த எண்ணை எடுத்துவிட்டு, உள்ளது உள்ளபடி காட்டுகிற மாதிரி வைத்தேன். அப்பாடா, இனி படகில் பொய் இல்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று உங்களுக்கு இரட்டை ஷிப்ட். வெள்ளிக்கிழமை தேஜுவுக்கு ஜுரம். சனிக்கிழமை நீங்கள் அவளுக்கு வாங்கின லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது வாய்வரை வந்தது. அவருக்குத் தெரியாமல் வைத்தது, தெரியாமலேயே எடுத்தாயிற்று, சொல்லி என்ன ஆகப்போகிறது, கேலி செய்வார் என்று விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனீர்கள்.

ஆக, மீட்டர் அன்று கூட்டிக் காட்டவில்லை. முதல்தடவையாக உண்மையைக் காட்டியது. உங்கள் கை வழக்கப்படி கூட்டியது.

நேற்றிலிருந்து இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் ஒன்றுமில்லை. வைத்ததை எடுக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றுமில்லை. இரண்டையும் பயத்தில்தான் செய்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற ஒரே பயம். அந்தப் பயம்தான் அவள் எலும்பை உடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கத்தினது நான், தலையைக் குனிந்து நின்றது நீங்கள். இந்த இரண்டு மாதமாக அங்கே தனியாகக் கிடந்து, கழுவாமல் விட்ட சென்சாரை நினைத்து உங்களையே திட்டிக்கொண்டு. அந்த சென்சார் என் கையில் பளிச்சென்று இருந்தது, கஜீவன்.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பிரியா


டூங்கபி
2.4.2025

பிரியா,

பிந்திவிட்டது. உம்முடைய கடிதத்தை வேலை இடைவேளையில் வாசித்தேன். வாசித்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். சுப்பவைசர் வந்து கண்ணாடியில் தட்டும் வரைக்கும் இருந்தேன். பிறகு மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன்.

நீர் எண்ணை மாற்றினதற்கு எனக்குக் கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது. அக்காவுக்குச் சொன்னேன். அவ குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று யோசித்துவிட்டு, "இரண்டு பேரும் நல்லவையா இருந்து ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தியிருக்கிறியள்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அவவுக்கு அது அதிசயம், வழமையாக ஒரு மணித்தியாலம் சொல்லுவா.

யோசித்துப் பார்த்தால், நான் தெரிந்தும் சொல்லாமல் விட்டது உம்மில் இரக்கப்பட்டு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. சொன்னால் கதை வளரும், படகை விற்கச் சொல்லுவீர் என்று பயந்தேன். பேசாமல் ஒரு மீட்டரைக் கூட்டுகிறது எனக்கு லேசாக இருந்தது. உம்மோடு கதைக்கிறதை விட லேசு.

ஆனால் காரணம் தெரிந்தபடியால் எல்லாம் சரியாகிவிடவில்லை. போன கிழமை பூங்காவில் அக்காவின் பேத்தி தன்னை ஊஞ்சலில் வைத்து ஆட்டச் சொன்னது. நான் கயிற்றைப் பிடித்தேன், தள்ள ஏலவில்லை. பிள்ளை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. நான் தேஜுவோடு தனிய இருந்தால் இனி எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நீர் அன்று சொன்னது பிழையான காரணத்துக்காக. ஆனால் அது எனக்குள் போய் இருந்துவிட்டது.

இங்கு ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு சரிவந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை, பதினோராம் திகதி, கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் ஒரு வருசம். வைப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

படகு போய்விட்டதா?

கஜீவன்


ட்ருகனினா
4 ஏப்ரல் 2025, வெள்ளி

கஜீவன்,

போய்விட்டது. போன சனிக்கிழமை கௌரிசங்கர் வந்து எடுத்துப் போனார். மீட்டர் இப்போது எங்கிருந்து எதை அளக்கிறது, அதில் என்ன எண் இருக்கிறது என்பதை அவருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்து நிற்கவைத்துச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பரவாயில்லை. அவர்கள் திரும்பும்வரை நிற்க முடியவில்லை, காரில் ஏறிவிட்டேன். எனக்குப் படகே பிடிக்காது என்றுதானே எல்லாரும் நினைத்தோம். எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லும் உரிமையை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தொலைத்துவிட்டேன். ஆனால் எல்லாருக்கும் நல்லது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எல்லாருக்குள்ளும் தேஜுவைச் சேர்க்காதீர்கள். அவளைக் கேட்டேன். நேராகவே கேட்டேன், அப்பாவோடு இருக்கப் பயமாக இருக்கிறதா என்று. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அப்பா எப்போது வருவார் என்று திருப்பிக் கேட்டாள். என் பயத்தை நான் அவளுடையது என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் சுமந்திருக்கிறேன்.

நான் அன்று சொன்னது பொய். காரணம் மட்டும் பிழை இல்லை, சொன்னதே பிழை. அதை உங்களுக்குள்ளிருந்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. எழுதினால் போகாது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எண்ணை மாற்றுகிற மாதிரி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வர முடியாது.

அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். ஈஸ்டர் லீவுக்கு நானும் தேஜுவும் சிட்னி வருகிறோம். அவளை வெள்ளிக்கிழமை காலையில் உங்களிடம் விட்டுவிட்டு, நான் கெல்லிவில்லில் என்னோடு காலேஜில் படித்த கிரிஜா வீட்டுக்குப் போய்விடுவேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வேன். நடுவில் வரமாட்டேன். அக்காவையும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கோபப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். நீங்களும் அவளும் மட்டும். எங்கே கூட்டிப் போவீர்கள், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். இதை எழுதும்போதே எனக்குக் கை குளிர்கிறது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குளிர்ந்தாலும் செய்வேன். ராத்திரி ஒரே ஒரு தடவை போன் பண்ணுவேன். அதையும் வேண்டாம் என்றால் பண்ணவில்லை.

அதற்கப்புறமும் அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால் இருங்கள். நான் வாதாடமாட்டேன். ஆனால் அவளோடு நாலு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். கையெழுத்தை ஈஸ்டர் தாண்டும்வரை மட்டும் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

நான் தேஜுவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இல்லையென்றானால் என்னால் சமாளிக்க முடியாது. டிக்கெட்டும் எடுக்கவில்லை. உங்கள் வார்த்தை வந்த பிறகுதான் இரண்டும். சரி என்றாலும் முடியாது என்றாலும் அப்படியே எழுதுங்கள். எனக்கு வலிக்குமே என்று குறைத்தோ கூட்டியோ எழுத வேண்டாம். பதினோராம் தேதிக்கு முன்னால், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

பிரியா